புதுப்பிப்பு: டெங்கு ரிப்போர்ட்டில் பிளேட்லெட் மட்டும் போதாது

டெங்கு தீவிரமாகுமா என்பதை ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே கணிப்பது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். பலரும் கேட்டது ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவுக்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும்?"

ரத்தம் உறைய உதவும் இந்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் பிளேட்லெட் 20,000 வரை இறங்கிய பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. முன்னெச்சரிக்கையாக ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

அதே ரிப்போர்ட்டில் 'பிசிவி' என்ற வரியைப் பாருங்கள். அதுதான் ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. வழக்கமாக 38 இருப்பவருக்கு 46 ஆகிறது என்றால் அந்த 38ஐவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா ரத்தக்குழாயை விட்டுக் கசிகிறது, மிச்ச ரத்தம் கெட்டியாகிறது. பிளேட்லெட் மளமளவென்று சரியும்போதே பிசிவி ஏறினால், உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல்படி அது அபாய அறிகுறி. காய்ச்சல் தொடங்கியதுமே ஒரு சிபிசி (முழு ரத்த அணுக்கள் பரிசோதனை) எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். ஒப்பிட ஒரு அடிப்படை எண் வேண்டுமே.

அப்புறம், காய்ச்சல் விட்டதும் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். பிளாஸ்மா கசிவு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தலைகாட்டும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, மிகுந்த சோர்வு இருந்தால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.