கிளட்ச் வழுக்குது, எஞ்சின் கவரைத் திறக்கணுமா?

உட்லண்ட்ஸ் தம்பி:
சிங்கப்பூர்ல ஓட்டுறேன், செகண்ட் ஹேண்ட் யமஹா எஃப்இசட்16 பைக். பிகேஇ விரைவுச்சாலை ஏத்தத்துல அஞ்சாவது கியர்ல முறுக்கினா எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வேகம் ஏறலை. சூடானா இன்னும் மோசம். கடையில கிளட்ச் செட்டையே மாத்தணும்னு சொல்றாங்க. நானே பார்க்கலாமா? ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கம் உண்டு.

ஈசூன் அண்ணன்:
தம்பி, முதல்ல கிளட்ச் லீவரைப் பாருங்க. எஞ்சின் ஆறினதும் லீவர் நுனி 10–15 மி.மீ. சும்மா ஆடணும். ஆடலேன்னா, நீங்க கையை எடுத்தாலும் கேபிள் கிளட்சை லேசா இழுத்துகிட்டேதான் இருக்கும். பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் குறைஞ்சுகிட்டே வரும், அதனால அப்பப்ப சரி பண்ணணும். ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சும் பாருங்க, கேபிள் இறுகக் கூடாது.

செங்காங் அக்கா:
ஆயில் டப்பாவைப் பார்த்தீங்களா? ஜாசோ எம்ஏ இல்லேன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கணும், ஆயில்ல ஊறுற பைக் கிளட்சுக்கு ஒத்துவரும்னு காட்டுற தரக்குறி அது. கார் ஆயில் பலதுல உராய்வைக் குறைக்கிற சரக்கு இருக்கும். நம்ம கிளட்ச் அதே எஞ்சின் ஆயில்லதானே ஊறுது, வழுக்காம என்ன செய்யும்?

உட்லண்ட்ஸ் தம்பி:
லீவர்ல ஆட்டமே இல்லாம இருந்துச்சு, சரி பண்ணிட்டேன். எம்ஏ2 ஆயிலும் மாத்தியாச்சு. தேவலை, ஆனா ஜொகூர் போற காஸ்வே பாலத்து ஜாம்ல ஊர்ந்து வந்தப்புறம் மறுபடி வழுக்குது.

ஈசூன் அண்ணன்:
அப்ப திறந்துட வேண்டியதுதான். கார் பார்க்ல வேண்டாம், தரைவீட்டு நண்பர் வாசல் கிடைச்சா நல்லது. கவர் இடுக்குல ஆயில் கசியாம அடைக்கிற கேஸ்கெட் புதுசா கையில இல்லாம தொடாதீங்க. ஆயிலை வடிச்சு, வலப்பக்கக் கவரைக் கழட்டுங்க. ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்கா, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். பிளேட் வரிசையைப் படம் எடுத்துக்குங்க.

உராய்வு பிளேட் தடிமனையும் ஸ்பிரிங் நீளத்தையும் வெர்னியர் அளவுகோல்ல அளந்து சர்வீஸ் மேனுவலோட ஒப்பிடுங்க. ஒரு ஸ்பிரிங் குட்டையாயிருந்தாலும் எல்லாத்தையும் மாத்துங்க. உராய்வு பிளேட்டுக்கு நடுவுல வர்ற இரும்புத் தட்டைக் கண்ணாடி மேல வச்சு, அடியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழையுதான்னு சுத்திலும் பாருங்க, நெளிவு தெரிஞ்சிடும். புது பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயில்ல ஊற வச்சுப் போடுங்க. ஊறாம போட்டா சீக்கிரம் கருகிடும்.

பழைய ஆயிலைத் தயவுசெஞ்சு சாக்கடையில ஊத்தாதீங்க, வொர்க்‌ஷாப்ல கேட்டுக் கொடுத்துடுங்க. ஜாம்ல பாதி கிளட்ச் பிடிக்கிறதை விடுங்க, நியூட்ரல் போட்டு நில்லுங்க. இரும்புத் தட்டு நீலம் பாரிச்சிருந்தா படத்தைப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.