குடும்பக் குழுவில் ஒரு மேடைப் பாட்டுப் பஞ்சாயத்து

நித்யா: எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவில் பிள்ளைகள் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படப் பாட்டுகளைப் பாடப் போகிறார்கள். 15 நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். எதெல்லாம் வைக்கலாம்?

சித்தி: டோ ரே மி இல்லாமலா? சரளி வரிசை மாதிரி, வாண்டுகளும் பிடித்துக்கொள்ளும்.

கார்த்தி: இடி இடிக்கும்போது கட்டிலில் ஏறிப் பாடுவார்களே, ‘மை ஃபேவரிட் திங்ஸ்’!

மும்பை அத்தை: அது படத்தில்டா. மூல நாடகத்தில் அதை, மடத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் மரியாவும் மடத்துத் தலைவியும் பாடுவார்கள். இடி மழைக்கு ஆடு மேய்ப்பவன் பாட்டு.

கார்த்தி: முதலில் நாடகமாகவா வந்தது??

பெரியப்பா: ஆமாம். 1959 நவம்பர், நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வே. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாட்டு. மேரி மார்ட்டின்தான் மரியா. 1,443 காட்சி ஓடியது. ஜூலி ஆண்ட்ரூஸ் படம் 1965இல்தான் வந்தது.

மும்பை அத்தை: 2023இல் இங்கே அம்பானி கலாசார மையத்திலும் போட்டார்களே.

கார்த்தி: சரி சரி. எடல்வைஸ் கட்டாயம் வேண்டும். ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல்!

மும்பை அத்தை: அப்படித்தான் பாதி உலகம் நினைக்கிறது. அது இந்த நாடகத்துக்கென்றே எழுதியது. பிராட்வேக்குப் போகும் முன் பாஸ்டனில் வெள்ளோட்டம் பார்த்தபோதுதான் சேர்த்தார்கள். பிள்ளைகளின் அப்பாவான ஆஸ்திரியக் கடற்படைக் கேப்டனாக நடித்த தியோடர் பிகெல் கிட்டாரோடு நாட்டுப்பாடல் பாடுகிறவர். அவர் குரலுக்கு ஏற்ற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. ஹாமர்ஸ்டைனுக்கு அப்போது புற்றுநோய். அவர் எழுதிய கடைசிப் பாட்டே இதுதான். 1960 ஆகஸ்டில் போய்விட்டார்.

சித்தி: அடடா 😢

கார்த்தி: நாட்டுப்பாடல் மாதிரிதான் இருக்கிறது, நான் என்ன செய்ய

மும்பை அத்தை: இன்னும் கேள். படத்தில் கேப்டன் அதை வீட்டில் ஒரு தடவை பாடிவிட்டு, இசை விழாவில் மறுபடி பாடுவார். மூல நாடகத்தில் விழாவில் மட்டும்தான். 1938, ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியாயிற்று. ஜெர்மன் கடற்படையில் சேரச் சொல்லி இவருக்கு உத்தரவு. எதிரே நாஜிகள் உட்கார்ந்திருக்க, இவர் எடல்வைஸ் என்ற ஒரு மலைப்பூவைப் பற்றிப் பாடுகிறார்! அதைக் கடைசிவரை ஒளித்துவைத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

பெரியப்பா: எனக்குப் படத்து முறைதான் சரியென்று படுகிறது. வீட்டில் ஏற்கெனவே கேட்டதால்தான், விழாவில் அவர் குரல் தடுமாறும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் போட்டால், ‘காயாத கானகத்தே’ வரட்டும் என்று கூட்டம் தூங்காமல் காத்திருக்கும். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து கேட்பது!

மும்பை அத்தை: அண்ணா, அது ஊருக்கே தெரிந்த கதை. இது புதுக் கதை, புதுப் பாட்டு.

பெரியப்பா: அதனால்தான் இரண்டு தடவை பாட வேண்டும் என்கிறேன்.

நித்யா: ஐயோ, எனக்கு 15 நிமிடம்தான் 🙏

சித்தி: டோ ரே மி, ஆடு மேய்ப்பவன், எடல்வைஸ். கடைசியில் ‘சோ லாங், ஃபேர்வெல்’. ஒவ்வொருவராகப் பாடிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மேடையும் தானாகக் காலியாகிவிடும்.

நித்யா: சூப்பர் சித்தி! ஏழாவது மாடிப் பையன் கிட்டார் வாசிப்பான், எடல்வைஸ் அவனுக்கு. ஒரு தடவைதான், பெரியப்பா மன்னிக்கவும்.

பெரியப்பா: 😤

மும்பை அத்தை: 😎 நாஜிகளுக்கு யார்?

கார்த்தி: முன்வரிசையில் சங்க நிர்வாகிகள் இருப்பார்களே

நித்யா: டேய், அவர்களில் உன் மாமாவும் ஒருத்தர் 😂