பெல்லி டான்ஸ் கத்துக்கலாமுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், காத்தால சிஸ்டம் முன்னாடி உக்காந்தா ஷிப்மென்ட் நேரத்துல எந்திரிக்கவே ராத்திரி ஆயிரும், ரெண்டாவது கொழந்தைக்கு அப்பறம் இடுப்பெல்லாம் நெம்ப இறுகிப் போயிருச்சு. ஜிம்முல மனசு ஒட்டல. இப்ப பக்கத்துல ஒருத்தங்க லேடீஸ்க்கு மட்டும் பெல்லி டான்ஸ் கிளாஸ் எடுக்கறாங்க, எட்டிப் பாத்தேன், அம்பது வயசு இருக்கும் ஒரு அக்காவுக்கு, தோளு துளி அசையல, இடுப்பு மட்டும் கொட்டுக்குத் தகுந்தாப்ல மெதுவா சுத்துது, பாத்துட்டே நின்னுட்டனுங்க. வீட்டுக்காரரு சரின்னுட்டாரு. மாமியாதான் தொப்புள் தெரிய ஆடறதா, நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு வெசனப்படறாங்க. தொப்பை குறையுமுங்களா? அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?

பேரூர்க்காரி:
தாராளமா போ கண்ணு. நான் கோயமுத்தூர்ல கொஞ்ச வருசமா ஆடிட்டு இருக்கேன். துணி விசயத்த மொதல்ல சொல்லிர்றேன், அந்த ரெண்டு பீஸ் டிரெஸ் எல்லாம் கிளப் மேடையும் சினிமாவும் பரப்புனது. இது எகிப்து பக்கத்து ஆட்டம், அங்க ஊட்டுக் கல்யாணத்துல பொம்பளைங்க தங்களுக்குள்ள ஆடறப்ப கணுக்கால் வரைக்கும் லாங் கவுன் போட்டு இடுப்புல ஒரு துணிய இறுக்கிக் கட்டிக்குவாங்க, அவ்வளவுதான். 1926ல கெய்ரோல பதியா மசாப்னின்னு ஒரு அம்மா சொந்தமா கிளப் தொறந்தாங்க, பேரெடுத்த ஆட்டக்காரிங்க சாமியா கமால், தஹியா காரியோக்கா எல்லாம் அவங்ககிட்ட ஆடி வந்தவங்கதான். 1959ல மஹ்மூத் ரெதா ஆரம்பிச்ச குழுல ஃபரீதா ஃபஹ்மி கிராமத்து ஆட்டத்த முழு உடுப்போட மேடைல ஆடி நாட்டுக்கே பெருமை சேத்தாங்க. அந்த வீடியோவ மாமியாவுக்குப் போட்டுக் காமி, பேசறத விட அது வேலை செய்யும். எங்க கிளாஸ்ல பாதிப்பேரு சுடிதார்தான்.

ஆட்டத்தப் பத்தி சொல்லோணும்னா, தர்புக்கான்னு ஒரு கொட்டு, நடுவுல அடிச்சா தும், ஓரத்துல அடிச்சா தெக். மக்சூம்னு ஒரு தாளம், தும் தெக், தெக் தும், தெக், இதான் திரும்பத் திரும்ப வரும். தும் விழுகறப்ப ஒரு பக்க இடுப்பக் கீழ விடோணும், மேல் ஒடம்பு சும்மா நிக்கோணும். பாக்க ஈஸியா இருக்கும், செஞ்சு பாத்தாத்தான் இத்தன வருசமா நம்ம இடுப்புக்கு எதுவுமே தெரியலயேன்னு இருக்கும். ஒரு நாள் அது தானா தாளத்துக்கு விழுகும் பாரு, அன்னிக்கு வர்ற சந்தோசம் தனி. சமையக்கட்டு, ஆபீஸ், புள்ளைங்க ஹோம்வொர்க்னு எல்லாருக்கும் ஓடற ஒடம்பு அந்த ஒரு மணி நேரம் நமக்குன்னு ஆடுது.

ஈரோடு பிசியோ:
தொப்பை விசயத்துக்கு நான் சொல்றேனுங்க. வயித்த மட்டும் ஆட்டி வயித்துக் கொழுப்ப மட்டும் கரைக்க முடியாது, எந்த எக்ஸர்சைஸ்லயும் அது நடக்காது. சாப்பாடும் மொத்தமா எவ்வளவு அசையறோம்ங்கறதும்தான் கணக்கு. ஆனா வயித்தோட ஆழமான தசை, பக்கவாட்டு தசை, பிட்டம், தொடை எல்லாத்துக்கும் நல்ல வேலை, குதிக்கற ஆட்டம் இல்லீங்கறதால முட்டிக்கு அடி கம்மி. வாரத்துக்கு 150 நிமிசம் மிதமான உழைப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதுல இதையும் சேத்துக்கலாம், மூச்சு வாங்கற அளவுக்கு ஆடோணும். முட்டிய லேசா மடக்கியே வெச்சுக்குங்க, முதுக பின்னாடி வளைக்காதீங்க, மூச்ச அடக்காதீங்க. பிரசவத்துக்கு அப்பறம் நடு வயிறு பிளந்தாப்ல புடைச்சு வந்தாலோ, இருமறப்ப யூரின் கசிஞ்சாலோ, கால்ல மரத்துப் போனாலோ டாக்டரப் பாத்துட்டு ஆரம்பிங்க.

கோபி மல்லி:
இங்கயே வள்ளி கும்மி இருக்குதுங்களே அம்மிணி. ஊரூருக்கு வாத்தியாருங்க இலவசமாவே சொல்லித்தராங்க, பாட்டியில இருந்து பேத்தி வரைக்கும் ஒண்ணா ஆடறோம். எகிப்து வரைக்கும் எதுக்குப் போகோணும்?

பேரூர்க்காரி:
மல்லியக்கா, நானும் கும்மி அடிக்கறவதானுங்க. அங்க கூட்டத்தோட சேந்து அடவு போடற சந்தோசம், கை தட்டறதுல ஒருத்தி பிந்துனாலும் தெரிஞ்சு போயிரும். இங்க அவளவ தனியா அவ மனசுக்கு ஆடறா, சோகமா இருந்தா சோகத்தோடயே ஆடலாம். ரெண்டும் வேணுங்க. தைப்பூசத்துக்கு கும்மி, மத்த நாளுக்கு இது.

நொய்யல்கரை:
நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். நடு வயிறு கொஞ்சம் புடைக்குதுங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு சேந்துக்கறேன். வீடியோவ மாமியாளும் சேந்து பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, இன்னொண்ணு போடுன்னாங்க. காசு கோத்த அந்த இடுப்புத் துணி இப்பவே வாங்கோணுமுங்களா?

பேரூர்க்காரி:
இப்ப வேண்டாம் கண்ணு. பழைய துப்பட்டாவ இடுப்பு எலும்புக்குக் கீழ இறுக்கிக் கட்டிக்க, அசையறது கண்ணாடில நல்லாத் தெரியும். வெறுங்கால்ல ஆடு, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போ.