பூட்டிய வீடு: முகப்பில் ஒரு கேமராவைப் பிடுங்கிவிட்டார்கள், இன்னொன்றை வானம் பார்க்கத் தள்ளிவிட்டார்கள். என்ன செய்வது?

பள்ளத்தூர் வீடு (கேள்வி)

வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு, பங்காளிகள் 6 பேருக்குப் பொது. நான் சென்னையில் இருக்கிறேன், மற்றவர்கள் பெங்களூர், கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு திசை. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் வீடு திறப்போம். மற்ற நாளில் ஒரு பெரியவர் காலையில் வந்து முகப்பைக் கூட்டி, விளக்கேற்றிவிட்டுப் போவார்.

போன வருஷம் திண்ணைக்கு மேலே, தரையிலிருந்து 8 அடி உயரத்தில் 2 புல்லட் கேமரா (நீள உருளை வடிவம்) வைத்தோம். ரெண்டும் தெருவைப் பார்த்தபடி. போன வாரம் பெரியவர் போன் செய்தார். ஒன்றைக் காணோம், வயர் அறுந்து தொங்குகிறது. இன்னொன்று வானத்தைப் பார்க்கிறது. கதவு, பூட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளே யாரும் போகவில்லை.

எனக்குக் கவலை கேமரா விலை இல்லை. இது வேவு பார்த்த மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கும் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஒருமுறை வண்டி ஏறிவிட்டால் திரும்பி வராது. இரும்புக் கூண்டு போடலாமா? இன்னும் உயரத்தில் வைக்கலாமா? சுவரில் கண்ட இடத்தில் ஓட்டை போடப் பங்காளிகள் சம்மதிக்க மாட்டார்கள், எனக்கும் மனசு வராது.

காரைக்குடி கேமரா வேலை

அண்ணே, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி சில விஷயம் சொல்லுங்க. பதிவுல கடைசி அரை நிமிஷம் என்ன தெரியுது? வயர் எந்த வழியா உள்ள போகுது? ரெக்கார்டருக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இருக்கா?

அந்த ரெண்டாவது கேமராவோட கழுத்து ஸ்குரூவையும் பார்க்கச் சொல்லுங்க. லூஸாகிப் போயிருந்தா கேமரா தன் கனத்துல கீழதான் தொங்கும். மேல பார்க்குதுன்னா யாரோ தள்ளியிருக்காங்க.

பள்ளத்தூர் வீடு

பெரியவர் ஏணி வைத்துப் பார்த்துவிட்டார், ஸ்குரூ இறுக்கமாகத்தான் இருக்கிறது. பதிவில் இரவு 2.07-க்குக் கீழேயிருந்து ஒரு கம்பு நுனி வருகிறது, படம் மேலே போகிறது. ரெண்டு நிமிஷம் கழித்து மற்ற கேமரா சட்டென்று இருட்டு. ஆள் எதிலும் விழவில்லை.

வயர் வெளிச்சுவரில் பிவிசி பட்டிக்குள் 10 அடி ஓடி ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. ரெக்கார்டருக்குச் சின்ன யுபிஎஸ் உண்டு, ரவுட்டருக்கு இல்லை. அன்று இரவு மழையில் கரண்ட் போயிருந்ததாம். என் போனுக்கு எந்தத் தகவலும் வரவில்லை.

காரைக்குடி கேமரா வேலை

அப்ப விஷயம் இதுதான். கேமரா தனக்கு நேர் கீழ இருக்கறதைப் பார்க்காது. உங்க ரெண்டும் தெருவையே பார்த்ததால, திண்ணையை ஒட்டி சுவரோரமா வந்தவன் ரெண்டுலயும் சிக்கல. கூண்டு போட்டிருந்தாலும் இதே கதைதான். கூண்டுக் கம்பி கேமராவோட இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு ராத்திரிப் படத்தை வெளுக்க வச்சுடும், குளவியும் கூடு கட்டும். நான் கூண்டு வேண்டாம்னுதான் சொல்வேன்.

முதல்ல ரெண்டையும் எதிரெதிர் மூலைக்கு மாத்தி ஒன்னையொன்னு பார்க்க வைங்க. முதல் கேமரா கிட்ட வர்றவன் ரெண்டாவதோட படத்துல முகத்தோட விழணும். உயரம் 11 அடி போதும். 15, 16 அடிக்குப் போனா கைக்கு எட்டாது, ஆனா தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது.

புல்லட்டுக்குப் பிடிக்கக் கழுத்து இருக்கு, அதான் கம்பால தள்ள முடிஞ்சது. முகப்புக்கு டோம், அதாவது அரைக்கோள மூடிக்குள்ள இருக்குற கேமரா, வாங்குங்க. பெட்டியில ஐகே10-னு போட்டிருக்கணும். 5 கிலோ எடையை 40 செ.மீ உயரத்துலேர்ந்து போட்டா விழுற அடி, அதாவது 20 ஜூல், தாங்கும்னு அர்த்தம். ஐபி67-னு மட்டும் காட்டி வித்தா ஏமாறாதீங்க, அது தூசி, தண்ணிக்கு உள்ளது. அடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. டோம்ல ஒரே தொல்லை, கண்ணாடிக்கூட்டுல தூசியோ சிலந்தி வலையோ இருந்தா ராத்திரிப் படம் மங்கும். பெரியவரை மாசம் ஒருமுறை மெல்லிய துணியால துடைக்கச் சொல்லுங்க. மூடியோட ஸ்குரூ, குழி நடுவுல ஒரு ஊசி நிக்கிற நட்சத்திர ஸ்குரூவா இருக்கட்டும், சாதா ஸ்குரூடிரைவர் போகாது. அந்த ஸ்குரூவைக் கழட்டுற சாவியை உங்க கிட்டயே வைங்க.

வயர்தான் பெரிய ஓட்டை. வெளியில ஒரு சாண் கூடத் தெரியக் கூடாது. கேமரா அடித்தட்டுக்கு நேர் பின்னாலயே உள்ள போகணும். முடியாத இடத்துல ஜிஐ பைப்புக்குள்ள (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) ஓட்டுங்க.

ரெக்கார்டர் இப்ப எங்க இருக்கு? முகப்பு அறையிலன்னா உடனே ரெண்டாம் கட்டுல, அதாவது வீட்டோட உள்பகுதியில, ஒரு பூட்டின அறைக்கு மாத்துங்க. ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ல சேருங்க, கேபிள் நெட் போனா எடுத்துக்க ஒரு சிம்மும் போடுங்க. கேமராவுக்குள்ள மெமரி கார்டு மட்டும் நம்பினா, கேமராவோட சாட்சியும் போயிடும். ரெக்கார்டர் செட்டிங்ல ‘வீடியோ லாஸ்’ (படம் நின்னா), ‘டேம்பர்’ (கேமராவை மூடினா, திருப்பினா) ரெண்டு எச்சரிக்கையையும் ஆன் பண்ணுங்க. நான் போற வீடுகள்ல பாதியில அது அணைஞ்சேதான் கிடக்கு.

கானாடுகாத்தான் ஓய்வு பெற்ற ஆசிரியர்

தம்பி சொன்னது எல்லாம் சரி. சுவரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டில் ஒருவர் ஹேமர் டிரில் வைத்து ஒரே நாளில் ஒரு முழம் பூச்சைப் பெயர்த்துவிட்டார். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு அது. சிமெண்டு வைத்து ஒட்டினார்கள். அடுத்த மழைக்கு ஈரம் உள்ளே தங்கி, ஒட்டிய இடத்தைச் சுற்றியும் உதிர்ந்தது. இன்றும் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஓட்டை போட்டே ஆகவேண்டுமென்றால் ஹேமரை அணைத்துவிட்டு, சின்ன பிட்டில் தொடங்கி மெதுவாகச் சுழற்றித் துளைக்கச் சொல்லுங்கள். அடைக்கச் சுண்ணாம்பே போடுங்கள். தேக்கு உத்திரத்திலும் தூணிலும் ஸ்குரூ ஏற்றவே வேண்டாம்.

அதைவிட நல்ல வழி உங்கள் வீட்டிலேயே இருக்கும். மேல்மாடி முகப்பு ஜன்னல்களில் நெருக்கமாக இரும்புக் கம்பி வைத்திருப்பார்களே? ஒரு கதவை மட்டும் திறந்து, உள்பக்கம் கட்டையில் கேமராவைப் பொருத்தி, கண்ணை இரண்டு கம்பிக்கு நடுவே கொஞ்சம் வெளியே நீட்டிவிடுங்கள். உள்ளே இழுத்து வைத்தால் கம்பியில் வெளிச்சம் பட்டுத் திரும்பும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் அதே கோளாறு. சுவரில் ஒரு துளை இல்லை, வயர் வெளியே வராது, வீட்டுக்குள் ஏறி வந்தால்தான் கையே எட்டும்.

புதுவயல் வாசகர்

கேமரா பக்கத்தில் கம்பி சுற்றிக் கரண்ட் கொடுத்துவிட்டால் ஒருவனும் தொடமாட்டான்.

தேவகோட்டை வக்கீல் ஆபீஸ்

ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லாதீர்கள். நாளைக்குக் காலையில் விளக்கேற்ற வரும் பெரியவர் கை பட்டாலும் உயிர் போகும். திருடனே செத்தாலும் வழக்கு வீட்டுக்காரர் மேல்தான் வரும்.

பள்ளத்தூர் அண்ணே, காணாமல் போனது ஒரு கேமராதானே என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஸ்டேஷன் ரசீது) வாங்குங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரைப் புகாரிலேயே எழுதுங்கள். பூட்டிய வீடு, ரோந்து வரும்போது பார்க்கவேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

அந்த 2.07 பதிவை இன்றைக்கே தனியாக நகல் எடுங்கள். ரெக்கார்டர் இடம் நிரம்பினால் பழையதை அழித்து மேலே எழுதிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4)-இன்படி, இந்த மாதிரிப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சான்றிதழ் வேண்டும். சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பும் (பதிவு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) எழுதவேண்டும். அதனால் வாட்ஸ்அப்பில் சுற்றிய துண்டு வீடியோ போதாது. ரெக்கார்டரையும் மூலப் பதிவையும் தொடாமல் வையுங்கள்.

பள்ளத்தூர் வீடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நானே ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தேன். ஆசிரியர் ஐயா சொன்னபடி மேல்மாடி ஜன்னலில் ஒன்று, துளையே இல்லை. முகப்பின் எதிரெதிர் மூலைகளில் 11 அடியில் 2 டோம், ஒன்றையொன்று பார்க்கின்றன. ஒரு மூலையில் பழைய மின்வயர் போன துளையே இருந்தது, அதிலேயே விட்டோம். ரெக்கார்டர் ரெண்டாம் கட்டுக்குப் போய்விட்டது. மெயினை அணைத்துவிட்டு ஒரு டோமைத் துணியால் மூடிப் பார்த்தேன், சில நொடியில் போனுக்குத் தகவல் வந்தது. சிஎஸ்ஆர் வாங்கியாச்சு.

ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. மாடிக் கேமராவில் எதிர்வீட்டுத் திண்ணை முழுசாகத் தெரிந்தது. அங்கே ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, அந்தப் பகுதியை செட்டிங்கில் கறுப்பாக மறைத்துவிட்டோம். அப்போதுதான் ஆச்சி சொன்னார்கள், அந்த வாரம் ஒரு குட்டியானை வண்டி பகலில் இரண்டு தடவை வந்து எங்கள் பின்தெருவில் நின்றதாம். அதையும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன்.

வீடு தெருவுக்குத் தெரு போவதால் பின்வாசல் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே மாடி ஜன்னல் கிடையாது, மதில் மட்டும்தான். காரைக்குடி தம்பி, தோட்டத்துக்குள் ஜிஐ கம்பம் நட்டு வைக்கலாமா? மதிலிலிருந்து எத்தனை அடி தள்ளி?

காரைக்குடி கேமரா வேலை

தாராளமா நடலாம் அண்ணே. மதில் மேல நின்னு கம்பு நீட்டினாலும் எட்டாத மாதிரி 12 அடி தள்ளி நடுங்க. வயர் கம்பத்துக்குள்ளயே இறங்கி மண்ணுக்கடியில பைப்புல வரட்டும். வெட்டவெளி, இடி மின்னல் இறங்குற இடம், சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறுற மின்னழுத்தத்தைத் தடுக்கிற கருவி) கண்டிப்பா போடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி குழி தோண்டிடுங்க.