ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இப்போது தேறிவருகிறார். வலது கை இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சு வந்துவிட்டது. அன்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் வீட்டிலோ வேலையிடத்திலோ பார்த்ததை எழுதுங்கள்.

விடியற்காலையில் அம்மாதான் பார்த்தார். எழுந்து உட்காரப் போன அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். வாய் கோணியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னால் ஒரு கை மட்டும் எழுந்தது. கேட்டதற்குச் சத்தம் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. முகம், கை, பேச்சு மூன்றையும் பார் என்பார்களே, மூன்றும் அப்பட்டமாகத் தெரிந்தன. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். விழுங்க முடியாமல் புரையேறிவிடும் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனசுதான், ஆனால் அது மாரடைப்புக்குச் சொல்வது. பக்கவாதம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தும் வரும், வெடித்துக் கசிந்தும் வரும். எது என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் இன்னும் கெடுத்துவிடும்.

மருத்துவமனையில் முதல் கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

"ஆறு மணிக்குத்தான் பார்த்தோம், வாய் கோணி..."

"நீங்க பார்த்தது எப்பன்னு கேக்கல. கடைசியா நல்லா இருந்தது எப்ப?"

ராத்திரி பத்து மணிக்குப் படுக்கப் போனபோது என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். பத்திலிருந்து கணக்குப் போட்டால் அது எப்போதோ தாண்டிவிட்டது. அப்போது அம்மா குறுக்கே புகுந்தார்: "நாலே முக்காலுக்கு பாத்ரூம் போயிட்டு வந்தாரே. ஃபேனைக் குறைக்கட்டுமான்னு கேட்டார். நான் மணி பார்த்தேன்." நடை நேராக இருந்ததா, பேச்சு தெளிவாக இருந்ததா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இருந்தது என்று அம்மா அசையாமல் சொன்னார். கணக்கு பத்திலிருந்து நாலே முக்காலுக்கு நகர்ந்தது. ஸ்கேனில் கசிவு இல்லை, ஊசி போட்டார்கள்.

அடுத்த கேள்வி, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. தங்கை எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். கிளம்பும்போது அதைப் பிய்த்து எடுத்து வந்திருந்தோம். எங்கள் வீட்டில் முதலுதவிப் பெட்டி ஒன்று பஞ்சும் கட்டுத்துணியுமாக அம்சமாக இருக்கிறது. அன்றைக்கு அதைத் திறக்கவே இல்லை.

*

அவசர அழைப்புகளை எடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். உங்கள் அம்மாவைப் போல ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால் எங்கள் வேலை பாதி குறைந்துவிடும்.

நாங்கள் முதலில் கேட்பது 'எங்கே' என்பது. லைன் அறுந்துபோனாலும் இடம் தெரிந்தால் வண்டி வந்துவிடும். நிறையப் பேர் "சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். மிச்சப் பேர் "இவ்வளவு கேள்வி கேக்கறதுக்கு வண்டியை அனுப்பலாம்ல" என்று கத்துவார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் வண்டியை அனுப்பிக்கொண்டிருப்பார். மற்றக் கேள்விகளெல்லாம் வண்டி வரும்வரை நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதற்குத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு நோயாளியின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள், கை இரண்டும் சும்மா இருக்கும்.

என்னை அதிகம் பயமுறுத்திய பதில் ஒன்று உண்டு. "மூச்சு விடறாரா?" என்று கேட்பேன். "விடறார், குறட்டை மாதிரி சத்தம் வருது" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வாயைத் திறந்து இழுத்து இழுத்து ஒரு சத்தம் வரும். நடுவில் நீண்ட இடைவெளி இருக்கும். அது மூச்சில் சேர்த்தி இல்லை. "அவர் மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் இப்போன்னு சொல்லுங்க" என்பேன். "இப்போ." அப்புறம் ஒன்றும் வராது. அடுத்த "இப்போ" வருவதற்குள் நான் அவரை மல்லாக்கத் தரையில் படுக்க வைக்கச் சொல்லி, நெஞ்சு நடுவில் கையை வைக்கச் சொல்லி, எண்ண ஆரம்பித்திருப்பேன். பயிற்சி இல்லாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதவேண்டியதில்லை. நெஞ்சை அழுத்தினாலே போதும்.

இன்னொன்று, வாசல். கேட் பூட்டியிருக்கும், நாய் அவிழ்ந்திருக்கும், லிஃப்ட் வேறு மாடியில் நிற்கும், வீட்டு எண் இருட்டில் தெரியாது. ஒரு ஆளைக் கீழே இறக்கி நிறுத்துங்கள். கையில் போன் வெளிச்சத்தோடு நின்றால் போதும்.

*

இதயம் நின்ற பிறகு வரும் அந்தச் சத்தத்தை எங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்டேன். கூட்டம் முடிந்து எழுந்தவர் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்தார். "மயக்கம்தான், காத்து வரட்டும்" என்று யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை. அந்த இடுக்கில் ஒன்றும் செய்யமுடியாது, அதனால் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம்.

முதலுதவிப் பயிற்சியில் எனக்கு மனதில் நின்றது, பொதுவாகக் கத்தாதே என்பது. "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றால் எல்லாரும் அடுத்தவர் கூப்பிடுவார் என்று நிற்பார்கள். விரலை நீட்டிச் சொல்லவேண்டும். "நீலச் சட்டை, நீங்க போன் பண்ணுங்க. நீங்க ஓடிப்போய் ரிசப்ஷன் சுவர்ல இருக்கற ஏஇடி பெட்டியை எடுத்துட்டு வாங்க." ஏஇடி என்பது இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் இயந்திரம். சொன்னதும் ஓடினார்கள். ஆள் இல்லாமல் இல்லை, சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வரவேண்டும். எண்களைப் படித்தால் சுலபமாகத் தெரியும். நிஜ உடம்பில் 5 சென்டிமீட்டர் என்பது பயமுறுத்தும் ஆழம். பயிற்சிப் பொம்மை 'க்ளிக்' என்று சொல்லும். இங்கே உள்ளங்கைக்கு அடியில் எலும்பு நெறிபட்டதை உணர்ந்தேன். விலா எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தாதே என்று சொல்லிக் கொடுத்திருந்ததால்தான் நிறுத்தவில்லை. இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, அழுத்தம் தானாக மேலோட்டமாகிவிடுகிறது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். நீலச் சட்டைக்காரர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் காத்திருந்தார், இடைவெளி விழாமல் மாறிக்கொண்டோம்.

ஏஇடியைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: திறந்ததும் அது பேச ஆரம்பிக்கும். சட்டையை வெட்டி, வியர்வையைத் துடைத்து, ஒரு பேடை வலது காறையெலும்புக்குக் கீழேயும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலும் ஒட்டவேண்டும். படமே போட்டிருக்கும். இதயத் துடிப்பைப் பார்த்து அதுதான் முடிவெடுக்கும், தேவையில்லாதவருக்கு ஷாக் கொடுக்காது. எங்களிடம் முதலில் ஷாக் கொடுத்தது, இரண்டாவது முறை 'தேவையில்லை' என்றது. கூட்டத்தில் ஒருவர் "அப்பாடா, பிழைச்சுட்டார்" என்றார். அப்படிப் பொருள் இல்லை. ஷாக்கால் சரியாகாத நிலையிலும் இயந்திரம் அதையேதான் சொல்லும். ஆள் அசையும்வரை, சாதாரணமாக மூச்சு விடும்வரை அழுத்தவேண்டியதுதான்.

அவர் மறுநாள் மருத்துவமனையில் இறந்துவிட்டார். எல்லாம் சரியாகச் செய்தும் இப்படி ஆகும் என்பதை ஏனோ யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீலச் சட்டைக்காரர் ரொம்ப நாள் தூக்கமில்லாமல் இருந்தார். எலும்பு முறிந்ததால்தான் போனாரோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு டாக்டர் உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் தெளிந்தார். உதவிக்குப் போனவர்களையும் யாராவது பிறகு கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

*

பள்ளி ஆசிரியை. சின்னதாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பையனுக்கு வலிப்பு. ஒரு பிள்ளை ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. வாயில் எதையும் வைக்கக்கூடாது, பல் உடையும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. பெஞ்சுகளை நகர்த்தினேன், தலைக்கு அடியில் ஒரு ஸ்வெட்டரை மடித்து வைத்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பத்து நிமிடம் என்று அடித்துச் சொன்னார்கள்! நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

அப்புறம், கண் விழிக்குமுன் மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். கால்சட்டை நனைந்திருந்தது. நாளைக்கு அவன் அதே வகுப்பில் வந்து உட்காரவேண்டுமே.

*

என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ரயிலில் ஒருமுறை வியர்த்து ஊற்றியது, பேச்சு குழறியது, எதிர் இருக்கைக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். "குடிச்சிருக்கார், ஒதுங்கு" என்று பெட்டியே தள்ளி உட்கார்ந்தது. சர்க்கரை தாழும்போது இப்படித்தான் இருக்கும். எங்கள் கருவியில் 70க்குக் கீழே வந்தாலே உஷாராவோம், அன்று 48. அவருக்கு விழுங்க முடிந்தது, அதனால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தேன், 81. மனுஷன் "என்ன எல்லாரும் என்னையே பார்க்கறாங்க" என்று சாதுவாகக் கேட்டார்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். டயட் பானமாக இருந்தால் பிரயோஜனமில்லை, அதில் சர்க்கரையே கிடையாது. இதைச் சொல்லக் காரணம், உதவிக்கு வந்த ஒரு பெண் அன்போடு நீட்டியது அதைத்தான்.

*

அவசரப் பிரிவில் நர்ஸ். முதலில் எழுதியவர் சொன்ன தாளைப் பற்றி: மாத்திரைப் பெயரோடு அளவையும் எழுதுங்கள். "வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒண்ணு" என்று தினமும் கேட்கிறோம். எந்த மருந்து ஒவ்வாமை, பேஸ்மேக்கர் உண்டா, முன்பு செய்த அறுவை சிகிச்சை, யாரைக் கூப்பிடவேண்டும், எழுதிய தேதி. ரத்த வகையைப் பெரிதாக எழுதுகிறார்கள், நாங்கள் எப்படியும் சோதித்துத்தான் ஏற்றுவோம். போனைத் திறக்காமலே பார்க்கும்படி மருத்துவக் குறிப்பு வைக்கும் வசதி ஸ்மார்ட்போன்களில் உண்டு, அதையும் நிரப்பிவிடுங்கள்.

பக்கவாதம் வந்து 4.5 மணி நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே தீர்மானித்து உட்கார்ந்துவிடாதீர்கள். பெரிய குழாயில் அடைப்பு என்றால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கம்பிக்குழாய் நுழைத்துக் கட்டியை எடுக்கிறார்கள். எம்ஆர்ஐ பார்த்து முடிவு செய்வதும் உண்டு. கை திடீரென்று மரத்துப்போய் அரை மணியில் தானாகச் சரியானாலும் வந்து காட்டுங்கள்.

*

எல்லாம் சரி. ஆனால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கச் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன், நல்லபடியாக முடிந்தது. காத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

*

அழைப்பு எடுத்தவன் மறுபடியும். நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் வழியில் இதயம் நின்றிருந்தால், காரின் பின் சீட்டில் உங்களால் நெஞ்சை அழுத்தியிருக்க முடியாது, ஓட்டுவதும் நீங்கள்தான். ஆம்புலன்ஸுக்குள் ஷாக் இயந்திரம் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது. எந்த மருத்துவமனையில் இந்நேரம் அடைப்பை எடுக்கும் வசதி இருக்கிறது என்பதும் வண்டியில் வருபவர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் இருக்கிறதே என்று போய், அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பப்பட்டு நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

வண்டி தூரத்தில் இருந்து, நீங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு. அப்போதும் முதலில் போன் செய்யுங்கள். "வண்டி வர நேரமாகும், நீங்களே கிளம்புங்க, நாங்க வழியில வந்து சேர்ந்துக்கறோம்" என்று நாங்களே சொன்ன நாட்கள் உண்டு. அப்படிக் கிளம்பினாலும் வலி வந்தவர் ஓட்டக்கூடாது, பின்னால் அவரோடு ஒருவர் உட்காரவேண்டும், லைனைத் துண்டிக்காமல் வரவேண்டும்.