வீட்டு விலை இறங்கினால் ஏன் யாருமே வெளிப்படையாக மகிழ்வதில்லை?

கேள்வி: மயூர் விஹார் வாடகைதாரர்

தில்லியில் மயூர் விஹார் முதல் கட்டத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். 2021க்குப் பிறகு நொய்டாவிலும் குருகிராமிலும் ஃபிளாட் விலை ஏறிய வேகத்தைப் பார்த்து, வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம். இப்போது விற்பனை மந்தமாகிவிட்டது, விலை இறங்கினாலும் இறங்கலாம் என்று அலுவலகத்திலும் தெரிந்தவர்கள் வட்டத்திலும் பேச்சு அடிபடுகிறது. இறங்கினால் நல்லதுதானே என்று நான் சொன்னால், கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசியவனைப் போலப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே வாடகைக்கு இருப்பவர்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

வெங்காயமும் துவரம்பருப்பும் இறங்கினால் நிம்மதி அடைகிறோம். தங்கம் இறங்கினால் கரோல் பாக் கடைகளில் கூட்டம் கூடுகிறது. வீடு மட்டும் இறங்கக் கூடாத பண்டமாக எப்படி ஆயிற்று? வாங்கலாமா, காத்திருக்கலாமா என்ற யோசனையை நான் கேட்கவில்லை. 2014 முதல் 2020 வரை இந்தப் பகுதியில் சந்தை படுத்துக் கிடந்த காலத்தை நேரில் கண்டவர்கள், அப்போது மக்கள் உள்ளபடி என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: துவாரகா சொசைட்டிக்காரர்

அந்த ஆண்டுகளில் எங்கள் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். விலை இறங்கிவிட்டது என்று எவரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. “இப்போது வாங்க ஆளில்லை” என்பார்கள், “தேர்தல் முடியட்டும்” என்பார்கள், 2016 நவம்பருக்குப் பிறகு பணமதிப்பு நீக்கத்தின் மேல் பழியைப் போடுவார்கள். ஆனால் தம் வீட்டின் விலையை மட்டும் பழைய உச்சத்திலேயே வைத்துப் பேசுவார்கள். ஒருமுறை அவசரத் தேவைக்காக ஒரு குடும்பம் சற்றுக் குறைத்து விற்றுவிட்டது. அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் அவர்கள் ஏதோ துரோகம் செய்துவிட்டதைப் போலச் சிலர் கொதித்தார்கள். இனி இன்ன தொகைக்குக் கீழே யாரும் ப்ரோக்கரிடம் விலை சொல்லக் கூடாது என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சங்க விதிகளில் அப்படிக் கட்டுப்படுத்த இடமே இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், ஆமோதித்தவர்களுக்கும் தெரியும்.

இது தில்லிக்கே உரிய மனப்பான்மை அன்று. 1990களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அடுக்குமாடி விற்பனைகளை ஆராய்ந்த ஜெனசோவ், மேயர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், வாங்கிய விலைக்கும் கீழே விற்க நேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விலை சொன்னார்கள் என்றும், அதனாலேயே அவர்களுடைய வீடுகள் நெடுநாள் விலைபோகாமல் கிடந்தன என்றும் 2001இல் எழுதினார்கள். வாங்கிய விலை என்ற எண் மனத்தில் ஆணியடித்ததுபோல் தங்கிவிடுகிறது. அந்த எண்ணுக்கு ஒரு ரூபாய் மேலே விற்றாலும் இலாபம் என்று ஆறுதல் கொள்கிறோம், இடைப்பட்ட ஆண்டுகளின் விலைவாசியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வருமான வரித்துறையின் பணவீக்கக் குறியீடு 2013-14இல் 220, 2020-21இல் 301. அந்தக் கணக்குப்படி, முதல் ஆண்டில் 50 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் பிந்தைய ஆண்டில் ஏறத்தாழ 68 லட்சத்துக்குப் போனால்தான் போட்ட பணம் முழுதாகத் திரும்பியதாகும். 50 லட்சத்துக்கே விற்றுவிட்டு “முதலுக்கு மோசமில்லை” என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்தக் கணக்கை நான் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதில் 2: வங்கிகளுக்கு மதிப்பீடு செய்பவர்

சொசைட்டிக்காரர் ஐயா எழுதியது மறுவிற்பனைக்குப் பொருந்தும். புதிய வீடுகளில் இறக்கத்தை மறைப்பதற்கென்றே ஒரு தனிக் கலை உண்டு. விலைப் பட்டியலில் சதுர அடிக்கு அச்சிட்ட எண்ணில் பில்டர் கை வைக்கவே மாட்டார், ஏனென்றால் அதைக் குறைத்தால் முன்னரே வாங்கியவர்கள் அலுவலகத்தின் முன் வந்து நின்றுவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கார் நிறுத்துமிடம் இலவசம், பூங்காவைப் பார்த்த வீட்டுக்கு வாங்கும் கூடுதல் கட்டணம் தள்ளுபடி, கிளப் கட்டணம் கிடையாது, மாடுலர் சமையலறையும் ஏசியும் எங்கள் செலவு என்று வரிசையாக விட்டுக்கொடுப்பார். எல்லாவற்றையும் கூட்டினால் பத்து, பன்னிரண்டு சதவீதம்கூட இறங்கியிருக்கும். பட்டியலை மட்டும் படிப்பவருக்கோ சந்தை அசையாமல் நிற்பதாகத் தோன்றும்.

உண்மையான இறக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் செய்தித்தாளில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளைத் தொடர்ந்து படியுங்கள். கடன் கட்டாதவரின் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி கைப்பற்றிய ஃபிளாட்டை “உள்ளது உள்ளபடி” ஏலம் விடுவதாகப் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். சில மாதங்கள் கழித்து அதே கோபுரம், அதே மாடி, அதே எண் மறுபடியும் வரும், ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை மட்டும் இறங்கியிருக்கும். ஏலம் கேட்க ஆள் வரவில்லை என்று பொருள். வங்கிக்கு அந்த வீட்டின் மேல் பாசமில்லை என்பதால், ப்ரோக்கர் சொல்லாததை அந்த எண் சொல்லிவிடும்.

கேள்வி கேட்ட நண்பர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இறக்கத்தை ஒப்புக்கொள்ள மறுப்பதில் அரசும் பங்காளிதான் என்பது. பத்திரப்பதிவுக்கான குறைந்தபட்ச மதிப்பான சர்க்கிள் ரேட்டை அரசு நிர்ணயிக்கிறது. தில்லியில் காலனிகளை ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள். 2014இல் ஏ பிரிவுக்குச் சதுர மீட்டருக்கு 7.74 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். பின்னர் சந்தை சரிந்தபோதும் அந்த எண் அங்கேயே நின்றது. சர்க்கிள் ரேட்டுக்குக் கீழே ஒருவர் உண்மையாகவே விற்றால், வராத பணத்துக்கும் சேர்த்து விற்றவர் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும், வாங்கியவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகக் கணக்கிடப்படும். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், அந்த வரம்பை 2020 நிதிச் சட்டத்தில் 10 சதவீதமாக உயர்த்தினார்கள். மதிப்பீட்டு அதிகாரியிடம் முறையிட வழி உண்டு என்றாலும், அந்த அலைச்சலுக்கு எத்தனை பேர் துணிவார்கள்? தில்லி அரசு 2021 பிப்ரவரியில்தான் எல்லாப் பிரிவுகளுக்கும் 20 சதவீதம் குறைத்தது. அதுவும் தற்காலிகமாக, பிறகு 2022 ஜூன் வரை நீட்டித்தது. குறைந்த விலைக்கு விற்பதற்கே வரி கட்ட வேண்டிய ஊரில், விலை குறைந்ததை யார் வெளியே சொல்வார்கள்?

பதில் 3: நொய்டா எக்ஸ்டென்ஷன், 14ஆம் மாடி

கேள்வி கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் விலை இறங்கினால் முதலீட்டாளர்களுக்கு மட்டுமே நஷ்டம் என்ற எண்ணம் அவருடைய எழுத்துக்குப் பின்னால் இருப்பதாகத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கட்டுமானத்தில் இருந்த வீட்டைப் பதிவு செய்தவர்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அன்றைய வழக்கம் என்னவென்றால், எங்களிடம் வாங்கிய பணத்தைக் கொண்டு பில்டர் வேறோரிடத்தில் நிலம் பிடிப்பார், எங்கள் கோபுரத்தை அடுத்து வருகிறவர்களின் முன்பணத்தில் எழுப்புவார். விலை ஏறும்வரை இந்தச் சக்கரம் சுழலும். 2014க்குப் பிறகு புதிதாக வாங்குவோர் நின்றதும் சக்கரமும் நின்றது, பாதியில் நின்ற தூண்களில் கம்பிகள் துருவேறின. வாடகை ஒரு பக்கம், ஈஎம்ஐ ஒரு பக்கம் என்று இரண்டையும் கட்டினோம். வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைப் பில்டர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற ரெரா (வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டம்) விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே மாதத்தில். எங்கள் பணம் அதற்கு முன்பே போயிருந்தது.

எங்களைவிட மோசமாகச் சிக்கியவர்கள் இருந்தார்கள். அம்ராபாலி என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 42,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2019 ஜூலை 23 அன்று அந்த நிறுவனத்தின் ரெரா பதிவை ரத்துசெய்து, மீதிக் கட்டுமானத்தை என்பிசிசி என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வீடு வாங்குவோரைத் திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவர்களாக ஏற்றுக்கொண்ட திருத்தம் 2018இல் வந்ததும் இப்படிப்பட்டவர்களின் போராட்டத்தால்தான். எனவே, விலை இறங்கட்டும் என்று யாராவது சொன்னால் எங்கள் காதில் வேலை நிற்கட்டும் என்றுதான் விழுகிறது.

இப்போது குடிவந்துவிட்டோம். ஆனால் பில்டர் நிலத்துக்கான பாக்கியை அத்தாரிட்டிக்கு (நிலம் கொடுத்த அரசு வளர்ச்சி ஆணையம்) கட்டாததால் ரிஜிஸ்ட்ரி, அதாவது பத்திரப்பதிவு, ஆகவில்லை. நின்றுபோன வீட்டுத் திட்டங்களை ஆராய்ந்த அமிதாப் காந்த் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் உத்தரப்பிரதேச அரசு ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்தது. எங்கள் கோபுரத்துக்கு இன்னும் முறை வரவில்லை. பத்திரம் இல்லாத வீட்டுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று என் கணவர் சொல்வார். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விளம்பரப் பக்கத்தில் விலையைப் பார்க்கத்தான் செய்கிறேன்.

பதில் 4: செம்பூர்வாசி

மும்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. 2020இல் பெருந்தொற்றால் விற்பனை நின்றபோது மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்திலிருந்து செப்டம்பர் முதல் 2 ஆகவும், 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 3 ஆகவும் குறைத்தது. பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. வாங்குவோருக்கு உதவி என்று எல்லோரும் பாராட்டினோம். என் பார்வையில், பில்டர்கள் இறக்கியிருக்க வேண்டிய விலையை அரசு தன் வருவாயிலிருந்து இறக்கிக் கொடுத்தது, விலை நின்ற இடத்திலேயே நின்றது. அமெரிக்காவில் 2006 முதல் 2012 வரை தேசிய அளவில் வீட்டு விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அங்கே சில மாநிலங்களில் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு வெளியேற முடிந்தது. நம் நாட்டில் ஏலத்துக்குப் பிறகும் மீதிக் கடன் நம் தலையில்தான். ஆகவே இங்கே எவரும் விட்டுவிட்டுப் போவதில்லை, விலையும் அப்படி உடைவதில்லை, ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது.

பதில் 5: மயூர் விஹார் வாடகைதாரர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. 14ஆம் மாடி அம்மா, கட்டி முடியாத வீட்டுக்காரர்களை நான் மனத்தில் வைக்காமல் எழுதியதாக நீங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றில் மட்டும் உடன்பட முடியவில்லை. அடுத்து வருபவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் முன்னவரின் வீடு எழும்பும் என்றால், அந்த அடுத்தவர் நானாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

பதில் 6: வங்கிகளுக்கு மதிப்பீடு செய்பவர்

அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் வாடகைதாரர்கள் ஏன் மகிழ்வதில்லை என்ற அவருடைய முதல் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால் ஒரு கணக்கைத் தருகிறேன். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 48 லட்சம் கொடுக்கும். 20 ஆண்டுக் கடனுக்கு 6.75 சதவீத வட்டியில் ஈஎம்ஐ சுமார் 36,500 ரூபாய், 9.25 சதவீதத்தில் சுமார் 44,000. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனபோது இந்த அளவுக்குத்தான் வித்தியாசம் வந்தது. வீட்டு விலை 10 சதவீதம் இறங்கினாலும், ஏறிய வட்டியில் ஈஎம்ஐ சுமார் 39,600 ரூபாயில்தான் நிற்கும். பெரும்பாலும் வட்டி ஏறும்போதோ வேலை போகும் பயம் இருக்கும்போதோதான் விலை இறங்குகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு விலை குறைந்த அன்று கடன் கிடைப்பதில்லை, அல்லது கடன் வாங்கத் துணிவு வருவதில்லை. அடுத்தவர் நஷ்டத்தில் மகிழக் கூடாது என்ற நல்ல மனம் இதில் குறைவு, தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற அனுபவம் அதிகம்.

மேலும், பல வாடகைதாரர்களின் பெற்றோர் திருச்சியிலோ தாம்பரத்திலோ ஒரு வீட்டை வைத்திருக்கிறார்கள். அதை விற்றுத்தான் இங்கே முன்பணம் கட்டப்போகிறார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்பவர்கள்.

பதில் 7: துவாரகா சொசைட்டிக்காரர்

மதிப்பீட்டாளர் ஐயா சொன்ன கடைசிச் செய்தி எங்கள் சங்கத்துக்கும் பொருந்தும். விலையைக் குறைக்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதிய அதே மனிதர், மகனுக்காகக் கிரேட்டர் நொய்டாவில் ஃபிளாட் தேடியபோது, இந்த ப்ரோக்கர்கள் விலையை இறக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்பினேன். வாடகைதாரர் நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: எங்கே பார்த்தாலும், பயானா (முன்தொகை) கொடுப்பதற்கு முன்பு அந்தக் கோபுரத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் இருக்கிறதா, ரிஜிஸ்ட்ரி நடக்கிறதா என்பதை அத்தாரிட்டியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். விலைப்பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.