கவிதையில் வரும் குழந்தை எப்போதும் குற்றமற்றதாகத்தான் இருக்க வேண்டுமா?

கேள்வி:

வணக்கம். வெட்டப்படும் மரத்தைக் கட்டிக்கொண்டு அழும் ஒரு சிறுமியைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோடரியோடு வருபவர்கள் எல்லோரும் பெரியவர்கள். மரத்தின் வலியை உணர்பவள் அவள் ஒருத்தி மட்டுமே. படித்துப் பார்த்த நண்பர், சுவரொட்டிக்கு எழுதியது போல் இருக்கிறது என்றார். வருத்தமாக இருந்தாலும், அவர் சொன்னதில் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. குழந்தையின் கள்ளமின்மையையும் இயற்கைக்கு மனிதர் இழைக்கும் கொடுமையையும் எதிரெதிரே நிறுத்தினாலே கவிதை தட்டையாகிவிடுமா, அல்லது நான் கையாண்ட விதத்தில்தான் பிழையா?

மறுமொழி 1:

எதிரெதிரே நிறுத்துவதில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1800-இல் வெளியிட்ட 'நட்டிங்' என்னும் கவிதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். கொட்டை பறிக்கக் காட்டுக்குள் செல்லும் சிறுவன், யார் காலடியும் படாத ஒரு ஹேசல் என்னும் கொட்டைமரத் தோப்பைக் கண்டு, பூக்களுக்கிடையே அமர்ந்து, பாசி படர்ந்த கல்லில் கன்னம் வைத்து, நீரோடையின் ஒலியைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் கிடக்கிறான். பிறகு எழுந்து, அதே கைகளால் கிளைகளை இழுத்து முறித்துத் தரையில் தள்ளுகிறான். அவனை யாரும் தூண்டவில்லை, கோபமும் இல்லை. எல்லாம் முடிந்த பின், மௌனமாக நிற்கும் மரங்களையும் கிளைகள் இருந்த இடத்தில் புகுந்துவிட்ட வானத்தையும் பார்க்கும்போதுதான் அவனுக்கு வலிக்கிறது. அந்த வானம் ஒன்றே போதும். வேறெந்தக் கண்டனமும் அங்கே தேவைப்படவில்லை. உங்கள் சிறுமிக்கு அழுகையைக் கொடுத்திருக்கிறீர்கள், கைகளைக் கொடுக்கவில்லை.

மறுமொழி 2:

மேலே எழுதியவரோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் குழந்தையைக் குற்றவாளியாக்குவது மட்டுமே வழியன்று. நற்றிணை 172-ஆம் பாடலில், தோழியரோடு விளையாடிய பெண்கள் வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிட, நெய் கலந்த பாலூற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்த இது உங்களுக்குத் தங்கை என்று அன்னை சொன்ன ஒரு சொல்லால், பருவம் எய்திய பின்னும் அந்த மரத்தடியில் தலைவனோடு சிரித்துப் பேச நாணம் தடுக்கிறது. மறந்தார்கள் என்பதையும் அந்தப் பாடல் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மரத்தின் மீதான உறவு குழந்தையின் இயல்பிலிருந்து தானாகச் சுரக்கவில்லை. பெரியவள் ஒருத்தி சொல்லித் தந்ததால் வந்தது. உங்கள் கவிதையில் பெரியவர்கள் அனைவரும் கோடரியோடு மட்டுமே வருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர், சிறுவயதில் அந்த மரத்துக்கு நீர் ஊற்றியவராகவும் இருக்கலாம் அல்லவா?

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. இரண்டு மறுமொழிகளையும் படித்த பின், நான் எதைத் தவிர்த்து எழுதியிருக்கிறேன் என்பது புரிகிறது. எட்டு வயதில் தட்டான்களைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவன் நான். நூலின் மறுமுனையில் உணர்ந்த அந்தச் சிறு இழுப்பு அப்போது எனக்குப் பெருமகிழ்ச்சியாகவே இருந்தது. ஒரு மாலை, வால் பாதி அறுந்த தட்டான் ஒன்று விரலில் அமர்ந்து பறக்காமலே இருந்ததும் நினைவிருக்கிறது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அழும் சிறுமியை எடுத்துவிட்டு, அந்த விரலிலிருந்து தொடங்கி எழுதப் பார்க்கிறேன். முடிந்ததும் இங்கே இடுகிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.